ஐந்தாவது ஜோடிக் கை

நாலு பேர் கைதட்டியதில் ஐந்து பேருடைய சத்தம் இருந்தது.

வானதி முதலில் அதைத் தன் காதின் கோளாறு என்றுதான் நினைத்தாள். காலையிலிருந்து ஹெட்போன் மாட்டியிருந்ததில் காதுமடல்கள் கன்றிப்போயிருந்தன. ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. வயலில் நின்ற தண்ணீரின் மீது அது விழும் சத்தமும், மாடித் தண்ணீர் குழாய் வழியாக இறங்கும் சத்தமும், எதிரொலியை அடக்க ஹாலின் சுவர்களில் தொங்கவிட்டிருந்த சணல் சாக்குகளின் ஈர வாடையும் எல்லாம் ஒன்றாகி, எது காதில் விழுகிறது எது மூக்கில் ஏறுகிறது என்று பிரிக்க முடியாத ஒரு மந்தமாக அறையை நிறைத்திருந்தன. அவள் ட்ராக்கைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள்.

ஒரே மைக்கைச் சுற்றி நின்று தட்டியது நாலு பேர். ஒவ்வொருவர் தட்டும் அவளுக்குத் தெரியும். தம்பி பரிதி டிரம்ஸ் வாசிப்பவன். அவன் தட்டு பலகை முறிகிற மாதிரி கூர்மையாக இருக்கும். சாக்ஸபோன் அன்சார் எப்போதும் ஒரு மயிரிழை முன்னால் தட்டுவான். பேஸ் கிட்டார் செம்மொழி கூச்சப்பட்டு ஒரு மயிரிழை பின்னால் தட்டுவான். அவளுடையது வறண்ட சின்னத் தட்டு. இந்த நாலுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. தாழ்வாக, கனமாக, சதைப்பிடிப்பாக, தாளத்தில் நூல் பிசகாமல்.

"டேய், யாராவது தொடையில தட்டினீங்களா?"

"என் தொடையில தட்டினா சத்தம் வராதுக்கா. எலும்புதான் இருக்கு," என்றான் செம்மொழி.

"படியில யாராவது நின்னு தட்டியிருப்பாங்க. நம்ம ரசிகர்கள்," என்றான் அன்சார்.

"நமக்கா? மழைக்கு ஒதுங்கினவங்களா இருக்கும்," என்றான் செம்மொழி.

பரிதி சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தான். "எடுத்துடாதக்கா," என்றான். "அதுதான் பாட்டத் தூக்குது."

உண்மைதான். தூக்கியது. அதனால் எடுக்கவில்லை.

அவர்களுடைய இசைக்குழுவின் பெயர் வண்டல். வாசித்தது சோல் ஜாஸ்: தேவாலயப் பாட்டின் சூட்டை வாங்கி, நடுவில் ஆர்கனை உட்கார வைத்து, கால் தானாகத் தாளம் போடும்படி வாசிக்கிற இசை. தஞ்சாவூரில் இதைக் கேட்க ஆள் குறைவு. சென்னையிலும் பெங்களூரிலும் கொஞ்சம் இருந்தார்கள். முதல் ஆல்பத்தைச் சென்னையில் ஒரு பெரிய ஸ்டுடியோவில், ஒவ்வொருவரும் தனித்தனிக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து வாசித்து, பிசிறு எல்லாவற்றையும் கணினியில் செதுக்கி வெளியிட்டார்கள். கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் பாத்திரம் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் இணையத்தில் எழுதினார். அந்த வரி பரிதியை ரொம்ப நாள் தின்றது. இரண்டாவது ஆல்பத்துக்கு அவன்தான் சட்டம் போட்டான். எல்லோரும் ஒரே அறையில், ஒரே மூச்சில் வாசிப்பது. அறை எதைக் கொடுக்கிறதோ அதை வாங்கிக்கொள்வது. எதையும் வெட்டுவதில்லை.

வீடு செம்மொழியின் மாமா இளஞ்செழியனுடையது. குத்தாலத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே, காவிரியிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் ஓரம், சுற்றிலும் சம்பா நடவான வயலுக்கு மத்தியில், பிஸ்தா பச்சை நிறத்தில் நின்றது. சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிக் கட்டிய வீடு. கீழே சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. மாடியில் விசேஷங்களுக்கென்று கட்டிய நீண்ட ஹால், அதை ஒட்டி அலுமினியச் சட்டத்தில் தள்ளுகிற கண்ணாடிக் கதவு வைத்த ஒரு சின்ன அறை; படியேறி அதன் வழியாகத்தான் ஹாலுக்குள் போக வேண்டும். ஹாலில் வாசித்தார்கள். சின்ன அறையில் லேப்டாப்பும் மற்றதும் இருந்தன. ஆர்கனை வாசித்துவிட்டு வந்து பதிவைக் கேட்பதும் கலப்பதும் வானதியின் வேலை. இருட்டத் தொடங்கினால் வயலில் தவளைகள் ஆரம்பித்துவிடும். பிறகு எந்த மைக்கைத் திறந்தாலும் தவளைதான். அதனால் பகலில் மட்டும் பதிவு.

அடுத்த பாட்டில் கைதட்டலே கிடையாது. ஆனாலும் அது இருந்தது.

டிரம்ஸுக்கு மேலே தொங்கிய மைக்கில் கேட்டது. பரிதி வாசிக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து, யோசித்துவிட்டு வந்து சேருகிற மாதிரி, அந்தக் கனமான அடி கூடவே விழத் தொடங்கியது. அவன் நிறுத்தியதும் அதுவும் நின்றது. ஹாலில் நிற்பவர்கள் யாருக்கும் கேட்கவில்லை, பதிவில்தான். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மூடி ஆடுகிறதா என்று செம்மொழி குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தான். ஜன்னல் கொக்கிகளை எல்லாம் இறுக்கினார்கள். அன்சார் மட்டும் வாசித்தான், இல்லை. பேஸ் மட்டும், இல்லை. ஆர்கன் மட்டும்; இல்லை. பரிதி உட்கார்ந்து வாசித்தால் மட்டும் இருந்தது.

"உன் ஸ்டூல்தான்டா. கொஞ்சம் வெயிட்டக் கொற," என்றான் செம்மொழி.

ஸ்டூலை மாற்றினார்கள். கீழேயிருந்து ஒரு மர நாற்காலி வந்தது. இருந்தது.

"ரூமோட சத்தம்னு வச்சுக்குவோம்," என்றான் அன்சார். "பழைய ரெக்கார்டுல எல்லாம் இப்படித்தான். மச்சான், இந்தத் தடவை யாரும் எவர்சில்வர்னு சொல்ல முடியாது."

மூவருக்கும் பிடித்திருந்தது. வானதிக்கும் பிடித்திருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. உடம்பு அந்த அடியை எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தது. அது விழாத இடங்களில் பாட்டு ஏதோ ஒன்றுக்குக் காத்திருப்பது மாதிரி இருந்தது.

ஒரு மத்தியானம் மற்றவர்கள் கீழே சாப்பிடப் போயிருந்தபோது அவள் மேலே தங்கினாள். வானம் மூடிப் போய் அறைக்குள் சாயங்காலம் மாதிரி இருந்தது. டிரம்ஸின் சத்தத்தை எல்லாம் குறைத்து, அந்த ஒன்றை மட்டும் முடிந்தவரை மேலே கொண்டுவந்து, ஹெட்போனில் கேட்டாள். தொப். தொப். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு சின்ன அதிர்வு, வெற்றுப் பானைக்குள் இருந்து வருவது போல. அவள் தன் உள்ளங்கைகளைத் தட்டிப் பார்த்தாள். அது இல்லை. கையைக் குவித்துத் தட்டினாள். இல்லை. தொடையில். இல்லை. அப்புறம், ஏன் என்று தெரியாமல், வலது உள்ளங்கையை விரித்துத் தன் நெஞ்சில், கழுத்தெலும்புக்குக் கீழே, ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

அந்தச் சத்தம் அறைக்குள் கேட்டது.

அவள் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதில் பாபநாசம் பக்கம் அவர்கள் தெருவில் சாவு விழுந்தால், வெளியூரிலிருந்து சொந்தக்காரப் பெண்கள் பேருந்தை விட்டு இறங்கித் தெருமுனையிலேயே தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். வாசலில் ஏற்கெனவே இருப்பவர்களோடு வட்டமாகச் சேர்ந்து, ஒரே நேரத்தில் குனிந்து, ஒரே நேரத்தில் நிமிர்ந்து, நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். மாரடிப்பு. இருபது பெண்கள் அடித்தாலும் ஒரு அடியாக விழும். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். அப்பா வந்து ஜன்னலைச் சாத்துவார்.

இதைப் பரிதியிடம் மட்டும் சொன்னாள். மழை விட்டிருந்த நேரத்தில் மொட்டை மாடியில் நின்றிருந்தான். கீழே நாற்றெல்லாம் நுனி மட்டும் தெரிய மூழ்கிக் கிடந்தது.

"அது கைதட்டல் இல்லடா."

"தெரியும்."

"எப்பலேந்து?"

"மொத நாள்லேந்து." அவன் கைப்பிடிச் சுவரில் இரண்டு விரலால் தாளம் போட்டான். எப்போதும் போடுவான், அம்மா சோறு போடும்போது தட்டில் போட்டு அடி வாங்குவான்.

"சொல்லலையே?"

"சொன்னா நீ அழிச்சுடுவ."

"பயமா இல்லையா ஒனக்கு?"

"மொதல்ல இருந்துச்சு. அப்புறம் அப்பா ஞாபகம் வந்துச்சு." அவன் வயலையே பார்த்துக்கொண்டு சொன்னான். "அவரு செத்தன்னிக்கி நம்ம வீடு எப்படி இருந்துச்சு சொல்லு. ஏதோ பேங்க் மாதிரி. வந்தவங்க எல்லாம் கையக் கட்டிக்கிட்டு நின்னாங்க. அம்மா கை எழுந்துச்சு. பெரியப்பா புடிச்சு மடியில வச்சாரு. பாத்தியா இல்லையா நீ?"

அவள் பார்த்திருந்தாள். அவர்கள் அப்பா துரைராசு பள்ளி ஆசிரியர். கடைசி வரை கறுப்புச் சட்டை. தான் செத்தால் பறை கூடாது, ஒப்பாரி கூடாது, எந்தப் பெண்ணும் மாரில் அடித்துக்கொள்ளக் கூடாது, அது பெண்ணை இழிவுபடுத்துவது என்று எழுதியும் வைத்தார், எல்லோரிடமும் சொல்லியும் வைத்தார். அவர் சொன்னபடியே நடந்தது. அம்மாவின் கை அதற்குப் பிறகு எதிலும் சரியாகப் பிடிமானம் இல்லாமல் போயிற்று. டம்ளரை எடுத்தால் நழுவி விழும்.

"அப்பாவுக்காக வர்றாங்கன்னு சொல்றியா?"

"வேற யாருக்கு? பாக்கி இருந்துச்சு, வந்து அடிக்கிறாங்க. அடிச்சுட்டுப் போகட்டுமேக்கா." பிறகு அவனாகவே சிரித்தான். "அவரு இருந்தா இதுக்கும் ஒரு கண்டனக் கூட்டம் போட்டிருப்பாரு."

அவளும் சிரித்தாள். பயத்துக்கு ஒரு பெயர் கிடைத்ததும் அது பாதியாகிவிடுகிறது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அப்பாவுக்காகப் பரிதி போட்டது. மெதுவான பாட்டு, பெயர் வைக்கவில்லை. அந்தப் பாட்டில் நால்வரும் வாசித்து முடித்த பிறகு, வானதி மட்டும் தனியாக ஹாலில் மைக் முன் நின்றாள். தெருவில் அவள் பார்த்த வழக்கம் ஒன்று மனதில் இருந்தது: வந்தவர்கள் எவ்வளவு நேரம் அடித்தாலும், செத்தவரின் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து வந்து வட்டத்தில் சேர்ந்தால்தான் அந்த அழுகை நிறைவாகும். சேரும்வரை அவர்கள் காத்திருப்பார்கள். அப்பாவுக்கு யாரும் சேரவில்லை. மகள் சேர்ந்துவிட்டால் இது முடிந்துவிடும்.

ஹெட்போனில் தம்பியின் டிரம்ஸ் ஓடியது. அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். முதலில் கூச்சமாக. பிறகு கூச்சம் போயிற்று. பாட்டு முடிவதற்குள் முகமெல்லாம் நனைந்திருந்தது. எப்போது அழத் தொடங்கினாள் என்று தெரியவில்லை. அன்று படுத்ததும் தூங்கிவிட்டாள்.

மறுநாள் வட்டம் பெரிதாகியிருந்தது.

அந்தப் பாட்டில் மட்டும் இல்லை. முன்னால் பதிவு செய்து, கேட்டு, மூடி வைத்த பாட்டுகளிலும். முன்பு ஒற்றையாய் விழுந்த இடத்தில் இப்போது கூட்டமாக விழுந்தது, இருபது கையும் ஒரு கையாக. இரண்டு அடிகளுக்கு நடுவே கண்ணாடி வளையல் உரசியது. குனிகிறபோது புடவை மடங்கும் சத்தம். எல்லோரும் ஒன்றாக மூச்சிழுக்கும் சத்தம். ஹாலில் சணல் வாடைக்குள் வேறொரு வாடை ஏறியிருந்தது: நனைந்த தலைமுடி, வெற்றிலை, ரோஜா மாலை, நிறைய ஊதுபத்தி. வீட்டில் யாரும் ஊதுபத்தி ஏற்றவில்லை.

அவள் ஹெட்போனை அன்சாருக்குக் கொடுத்தாள். அவன் கேட்டான். கேட்கக் கேட்க அவன் தலை ஆடியது.

"வானதி, சூப்பரா இருக்கு. ஒரு ஊரே நம்மகூட வாசிக்கிற மாதிரி. இத எப்படிப் பண்ணின?"

"நான் பண்ணல."

"சரி, சொல்லாத. சமையல் ரகசியம்."

முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் வட்டத்தில் சேர்ந்தாள். சேர்ந்த பிறகு அவர்கள் போகவில்லை. நெருங்கியிருந்தார்கள்.

"கெளம்பிடலாம்டா," என்றாள் பரிதியிடம். "இருக்கிறது போதும். மிக்ஸ் பண்ற வேலையத் தஞ்சாவூர்ல வச்சுப் பாத்துக்கலாம்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். விவாதம் பண்ணவில்லை. "சரிக்கா. அப்பா பாட்டுக்கு டிரம்ஸ் மட்டும் ஒரே ஒரு டேக். நடுவுல ஒரு எடம் சொதப்பிட்டேன். எடுத்த ஒடனே கெளம்பிடுவோம். சத்தியமா."

"நீதான எதையும் மாத்தக் கூடாதுன்ன?"

"அப்பாவுக்கு மட்டும் சொதப்பாம வாசிக்கலாம்ல."

அன்சாரும் செம்மொழியும் ஆர்கனையும் மற்றப் பெட்டிகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு மயிலாடுதுறையில் செம்மொழியின் அக்கா வீட்டில் இறக்கிவிட்டு வரப் போனார்கள். திரும்பி வந்து டிரம்ஸை ஏற்றுவதாக ஏற்பாடு. வேனின் சத்தம் வாய்க்கால் கரையோடு தேய்ந்தது. மழை மறுபடி பிடித்தது. வானதி கேட்டைச் சாத்தக் கீழே இறங்கினாள்.

கேட்டில் வைரக்கண்ணு நின்றிருந்தார். பக்கத்து வயலைக் குத்தகைக்கு வைத்திருப்பவர். வீட்டுச் சாவி அவரிடம்தான் இருக்கும். தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார்.

"சொந்தக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க போலருக்கே?" என்றார்.

"யாருங்க?"

"பொம்பளைங்க. வாய்க்கா வரப்புல வரிசையா வந்தாங்களே. இந்த மழையில குடை கூட இல்லாம, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு. நான் மடை தொறக்க வந்தவன் பாத்தேன். நம்ம வீட்டுலேந்து காபி போட்டுக் கொண்டாரவா, எத்தனை பேருன்னு கேட்டேன். இந்த வீட்டுல இன்னிக்கி அடுப்பு எரியாதுப்பான்னு ஒரு அம்மா சொல்லிச்சு." அவர் சங்கடமாக மேலே பார்த்தார். "துக்கமா பாப்பா? யாருக்கு?"

அவள் வாயில் அப்பா என்ற சொல் வந்தது. அப்பா இறந்து மூன்று வருஷம் ஆயிற்று. அதைச் சொல்ல முடியவில்லை.

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேங்க. யாருக்கு, எப்ப ஆச்சுன்னு. இன்னும் ஆகல, இப்பதான வந்து சேந்துருக்கோம்னு சொல்லுச்சு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க படிச்சவங்க..."

மேலே டிரம்ஸ் தொடங்கியது.

அவள் படிகளில் ஓடினாள். ஈரமாக இருந்தன படிகள். ஒவ்வொரு படியிலும் ஈரம். அவள் இறங்கி வரும்போது உலர்ந்திருந்தன. ஓரத்தில், சுவரை ஒட்டி, நீளமான தலைமுடி ஒன்று டைல்ஸில் ஒட்டிக் கிடந்தது. அவள் நிற்கவில்லை.

சின்ன அறை. கண்ணாடிக் கதவு. பரிதி உள்பக்கம் கொக்கி போட்டு, இடுக்கில் துண்டைத் திணித்திருந்தான். மழைச்சத்தம் வராமலிருக்க எப்போதும் அப்படித்தான் செய்வார்கள். லேப்டாப்பில் அவனே பதிவைத் தொடங்கிவிட்டுப் போயிருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செருப்பில்லாத கால்கள் இரண்டும் பெடல்களில், காதில் ஹெட்போன், மூடிய கண்கள். அவள் கண்ணாடியைத் தட்டினாள். அறைந்தாள். தாளத்துக்குள் இருந்தான். ஹாலில் அவனைத் தவிர யாரும் இல்லை. தெளிவாகத் தெரிந்தது. யாரும் இல்லை.

அவனோடு பேச ஒரே வழி, அவன் ஹெட்போனுக்குள் போய்ச் சேரும் மேசை மைக். அவள் ஹெட்போனை மாட்டினாள்.

கூட்டம் காதுக்குள் இருந்தது. இப்போது அவர்கள் பாடினார்கள். இத்தனை நாளும் அடி மட்டும்தான். இப்போது அடிக்கு மேலே ஒப்பாரி எழுந்திருந்தது. பல குரல்கள் இழுத்து, தேய்ந்து, மறுபடி எழும்பின. சொற்கள் புரியவில்லை. ஒரு குரல் மட்டும் மற்றவற்றுக்கு முன்னால் நின்றது. கரகரப்பான, மூக்கடைத்த, இளைய குரல். அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு ஓர் அருவருப்பு வந்தது. தெரிந்த அருவருப்பு. பதிவில் தன் குரலைத் தானே கேட்கும்போது ஒவ்வொரு தடவையும் வருவது.

அவளுடைய குரல்தான். அவள் ஒருபோதும் பாடாத பாட்டைப் பாடியது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் தம்பி என்று முடித்தது.

தம்பி.

அப்பா இல்லை.

அவள் மூளை ஒன்றையே பிடித்துக்கொண்டது. அவன் நிறுத்தினால் அவர்கள் நிறுத்துவார்கள். இதுவரை அப்படித்தான். ஒரு தடவைகூட மாறவில்லை. அவன் நிறுத்தினால் போதும்.

மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

"பரிதி. நிறுத்து."

அவன் கேட்டான். அக்கா சொன்னால் கேட்பான். கண்ணைத் திறந்தான். இடது உள்ளங்கையை நீட்டி சிம்பலைத் தொட்டு அதன் நடுக்கத்தை அடக்கினான். குச்சிகள் மடியில் இறங்கின. கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, என்னக்கா என்று புருவத்தை உயர்த்தினான்.

தொப்.

நிற்கவில்லை.

தொப்.

அவள் ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். தொப். ஹெட்போனில் இல்லை. அறையில்.

அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். மெதுவாக ஹாலைச் சுற்றிப் பார்த்தான். அவனுடைய புருவம் இறங்கியது. எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. இன்னொரு தடவை முயன்றான்.

"டேய், கொக்கிய எடு! பரிதி!"

அவள் கதவை நோக்கி ஓர் எட்டு வைத்தாள். அப்போது அவள் தோளில் ஒரு கை விழுந்தது. மற்றத் தோளில் இன்னொன்று. ஈரமான, குளிர்ந்த, பெண்களின் கைகள். பின்கழுத்தைச் சுற்றி ஒரு கை வளைந்து அவள் தலையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நனைந்த கூந்தல் அவள் வாயில் பட்டது. சாவு வீட்டில் உடன்பிறந்தவளைக் கட்டிக்கொள்கிற மாதிரி, அவ்வளவு ஆறுதலாக, அவளைக் கட்டிக்கொண்டார்கள். கன்னத்தோடு கன்னம். அவள் திமிறினாள். அவர்கள் இன்னும் அணைத்தார்கள். குனிந்தார்கள்; அவளையும் குனிய வைத்தார்கள். நிமிர்ந்தார்கள்.

நிமிரும்போது தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கால்கள் பெடல்களிலிருந்து எழுந்தன. தானாக. யாரோ பதமாக எடுத்து வைப்பதுபோல் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. ஒரு வெள்ளைத் துணிக்கிழிசல் இரண்டு பெருவிரல்களையும் சுற்றியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இறுகியது.

குனிந்தாள்.

நிமிர்ந்தாள். இன்னொரு துணி அவன் தாடைக்கு அடியில் போய், காதுகளை ஒட்டி ஏறி, உச்சந்தலையில் முடிச்சாகிக்கொண்டிருந்தது. அவன் உதடுகள் அசைந்தன. அக்கா. துணி இழுபட்டது. வாய் மூடிக்கொண்டது.

கண்கள் மூடவில்லை. அவை இமைத்தன. அவளையே பார்த்து இமைத்தன. உயிரோடு.

வட்டம் மூச்சிழுத்தது. அவளும் இழுத்தாள். அவளுடைய வலது கை, உள்ளங்கை விரிந்து, தாளம் தப்பாமல் உயர்ந்தது.